அடிக்குக் கால் அங்குலம்

லூனன்பர்க்கில் அக்டோபர்.
இடுப்பெலும்புக்குப் பதில் உலோகம் வைத்துக்கொண்டு
ஸெல்மா வீடு திரும்ப
இன்னும் பத்தொன்பது நாள்.
கழிப்பறை மாடியில்.
படிகள் பதினான்கு.

படிக்கட்டின் அடியில்
பழைய பூட்ஸும் கம்பி ஒடிந்த குடைகளும் கிடந்த
பொந்தைக் காலி செய்தேன்.
கோப்பை நிற்கும், கதவு மூடும்,
முழங்கால் இடிக்காது.
பேப்பரில் எல்லாம் சரியாக இருந்தது.
பேப்பரில் தண்ணீர் ஓட வேண்டியதில்லை.

டார்ச்சைப் பல்லில் கடித்தபடி
நிலவறையில் குனிந்து நின்றேன்.
வீட்டின் அழுக்கையெல்லாம் இறக்கும்
வார்ப்பிரும்புக் குழாய்
மூலையில், பாய்மரம் போல,
என்னைவிட நாற்பது வயது மூத்தது.
பொந்திலிருந்து அதுவரை பதினான்கடி.
அடிக்குக் கால் அங்குலம் சரிவென்றால்
மூன்றரை அங்குலம் இறங்க வேண்டும்.
இருந்ததோ இரண்டு.
அதற்குக் கீழே குழாய்
சுவருக்குள் திரும்பிவிடுகிறது,
தெருவைப் பார்க்க.

சரிவைக் கொஞ்சம் குறைத்தால்?
பக்கத்துத் தெரு ரீட்டா நிக்கிளைக் கேட்டேன்.
முப்பது வருடம் குழாய்க்குள் கைவிட்டவள்.
"குறைத்தால் தண்ணீர்
சுமையை நடுவழியில் இறக்கிவைத்துவிட்டுப்
படுத்துக்கொள்ளும்" என்றாள்.
"கோப்பையை ஒரு படி உயர்த்து."
ஒரு படியும் கூடாதென்றுதானே
இத்தனை பாடு!

இரவு தூக்கம் வரவில்லை.
கணக்கைத் திருப்பிப் போட்டேன்.
இரண்டு அங்குலம் கையில் இருக்கிறது,
எத்தனை அடி போகலாம்?
எட்டு.
சட்டை மாட்டாமலே இறங்கிப் போய்
சாக்கட்டியால் கோடிழுத்தேன்.
எட்டாவது அடி முடிந்த இடத்துக்கு நேர் மேலே
ஸெல்மாவின் ஜாம் அறை.

"பொந்து வேலை எப்படி?" என்றாள் போனில்.
"நடக்கிறது" என்றேன்.
ருபார்ப், புளூபெர்ரி, பெயர் அழிந்துபோன ஏதோ ஒன்று,
இருபத்தெட்டுப் பாட்டில்களைச்
சுமந்து வெளியே வைத்தேன்.

வார்ப்பிரும்பை அறுக்க ஒரு பகல்.
குழாய்க்குள் கோலிக்குண்டை விட்டேன்.
அவசரமில்லாமல், நிற்காமல்,
மறுமுனையில் என் உள்ளங்கைக்கு வந்தது.
கோப்பையைப் பூட்டி முதல் ஃப்ளஷ்.
போனது.
அடுத்த நொடி சமையலறை சிங்க்
தொண்டையில் எலும்பு சிக்கிய நாய்போல
கக்கிக் கக்கி இருமியது.
இரண்டாம் நாள் வீட்டுக்குள் நாற்றம்.
மூக்கைப் பொத்திக்கொண்டு
ஜாயிண்ட் ஜாயிண்டாகத் தடவினேன்.
ஒன்றிலும் கசிவில்லை.

ரீட்டா பீர் பாட்டிலைத் தொட்டியில் கவிழ்த்தாள்.
குடகுடவென்று திணறியது.
அடியில் ஓட்டையிட்ட இன்னொன்றைக் கவிழ்த்தாள்.
சத்தமில்லாமல் காலியானது.
"காற்று கிடைக்காத தண்ணீர்
சிங்கின் வளைவில் தேங்கி நின்ற நீரை இழுத்துக்கொண்டு போகிறது.
நாற்றத்துக்குப் பூட்டே அந்த ஒரு குவளை நீர்தான்.
திறந்த வீட்டில் நாய் நுழையாதா?"

ஆக, கூரை வரை ஒரு குழாய்.
அதுவும் மூன்றங்குல அகலம்.
மெலிந்ததென்றால் ஜனவரியில்
தன் மூச்சே உறைந்து வாயை அடைக்குமாம்.
நவம்பர் மழையில் ஓட்டின் மேல் மண்டியிட்டு
நல்ல கூரையில் நானே துளை போட்டேன்.
துறைமுகம் முழுக்க
என்னையே பார்ப்பதுபோல் இருந்தது.

இப்போது இரவு மூன்று மணி.
வாக்கரின் ரப்பர் நுனிகள் தரையில்.
ஒரு அடி. நிற்கிறாள்.
இன்னொரு அடி, கால் அங்குலமா, அரையா.
கதவு. ஃப்ளஷ்.
போர்வைக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு
சமையலறைப் பக்கம் காது வைக்கிறேன்.
சிங்க் பேசவில்லை.

திரும்பி வந்து படுத்தவள் கேட்டாள்,
"என் ஜாமெல்லாம் எங்கே?"
படிக்கட்டில் இருக்கிறது,
படிக்கு இரண்டாக,
மாடி வரை.